வீடு திரும்பிய நோயாளி என்ன ஆனார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டார மருத்துவமனைகளைப் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அடிக்கடி இடம்பெறுகின்றன. புதிய கட்டடம் எழும்பியது, படுக்கைகள் கூட்டப்பட்டன, ஸ்கேன் கருவி வந்து சேர்ந்தது, ஓராண்டில் இத்தனை அறுவை சிகிச்சைகள் நடந்தன என்று அவை தெரிவிக்கின்றன. ஒரு வட்டார மருத்துவமனையின் பொது மருத்துவ வார்டில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செவிலியராகவும் பின்னர் தலைமைச் செவிலியராகவும் இருந்து ஓய்வுபெற்ற நான், அச்செய்திகளை ஒன்றுவிடாமல் படிக்கிறேன். படித்து முடிக்கும் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வி எஞ்சி நிற்கிறது. அங்கே சிகிச்சை பெற்றவர்கள் ஒரு மாதம் கழித்து, ஓராண்டு கழித்து எப்படி இருக்கிறார்கள்? இதற்கு விடை தேடும் ஆய்வு அந்தந்த மருத்துவமனையிலேயே, அங்கு பணிபுரிவோராலேயே, இடைவிடாமல் நடக்க வேண்டும் என்று வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் மனத்தை விட்டு நீங்காத ஒரு பதிவேட்டைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். இதயம் பலவீனமடைந்து, கால்கள் வீங்கி, மூச்சு வாங்கிய நிலையில் ஒரு முதியவர் எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டார். எட்டு நாள் சிகிச்சையில் வீக்கம் வடிந்தது. நடந்தே வீடு சென்றார். பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் ‘நலம் பெற்றார்’ என்று எழுதினோம். பன்னிரண்டாம் நாள் இரவு அதே மூச்சுத்திணறலோடு வந்தார். புதிய உள்நோயாளி எண், புதிய கேஸ் ஷீட், ஆறு நாள் சிகிச்சை, கடைசிக் கட்டத்தில் மீண்டும் ‘நலம் பெற்றார்’. மூன்றாம் முறை வந்தபோது இரண்டாம் நாளே இறந்துவிட்டார். அந்த ஆண்டின் கணக்கில் இம்மூன்று வரிகளும் மூன்று நோயாளிகளாக நின்றன. இருவர் குணமானார்கள், ஒருவர் இறந்தார் என்றே அதைப் படிப்பவர் கொள்வார். உண்மையில் வந்தவர் ஒருவர். அவரை நாங்கள் காப்பாற்றவில்லை. எங்களில் எவரும் பொய் எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வரியை எழுதியபோது அது உண்மையாகவே இருந்தது. பதிவேடுதான் மனிதரைக் கணக்கில் வைக்காமல் படுக்கையைக் கணக்கில் வைத்திருந்தது.

இது புதிய கவலையும் அன்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவராக இருந்த எர்னஸ்ட் காட்மன், நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைத் தம் வாழ்நாள் வழக்காக எடுத்துக்கொண்டார். சிகிச்சை பெற்ற ஒவ்வொருவரையும் அது பலித்ததா என்று தெரியும் வரை விடாமல் தொடர்ந்து விசாரிக்க வேண்டும், பலிக்கவில்லை என்றால் ஏன் என்று எழுதி வைக்க வேண்டும் என்பதே அவருடைய கோரிக்கை. அதற்காக ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்திருந்தார். சக மருத்துவர்கள் அதை விரும்பவில்லை. 1914-இல் அவர் அங்கிருந்து விலகினார். அதற்கு முன்பே தாம் தொடங்கியிருந்த சிறு மருத்துவமனையிலிருந்து 1911 முதல் 1916 வரை வீடு திரும்பிய 337 நோயாளிகளின் சிகிச்சையில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே கணக்கெடுத்து அச்சிட்டு வெளியிட்டார். தம் பிழைகளைத் தாமே எண்ணி ஊரறியச் சொல்வதற்கு எத்தகைய மனம் வேண்டும் என்பதை வார்டில் நின்றவர்கள் அறிவார்கள்.

ஆய்வு என்றாலே அது தலைநகரங்களின் பெரிய மருத்துவக் கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் உரியது, வட்டார மருத்துவமனையின் வேலை வருகிறவர்களுக்கு மருத்துவம் பார்ப்பது மட்டுமே என்ற எண்ணம் நிர்வாகத்தினரிடமும் பொதுமக்களிடமும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எங்களிடையேயும் அது இருந்தது. ஆனால் பெரிய மருத்துவமனையின் ஆய்வில் சேர்க்கப்படுபவரும் எங்கள் வார்டுக்கு வருபவரும் பெரும்பாலும் ஒரே வகையினர் அல்லர். ஒரே ஒரு நோய் உள்ளவர், வயது மிகாதவர், குறித்த நாளில் தவறாமல் பரிசோதனைக்கு வரக்கூடியவர் என்று வடிகட்டியே பல ஆய்வுகளில் சேர்க்கிறார்கள். எங்களிடம் வருகிறவருக்குச் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, இதய நோய் மூன்றும் இருக்கும்; வெகு தொலைவிலிருந்து, நோய் முற்றிய பிறகு, துணைக்கு ஒருவர்கூட இல்லாமல் வந்திருப்பார். ஒருவருக்குப் பலித்த மருந்து மற்றவருக்கும் அதே அளவு பலிக்கும் என்பது நம்பிக்கை. அது உண்மையா என்று பார்த்தால்தான் தெரியும்.

பார்த்தபோது என்ன தெரிந்தது என்பதற்கு, செவிலியர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஓர் ஆய்வு உண்டு. கடுங்காய்ச்சலோடு, கைகால்கள் சில்லிட்டு, இரத்த ஓட்டம் குன்றிய நிலையில் வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக மளமளவென்று திரவம் ஏற்றுவது உயிர் காக்கும் முதலுதவி என்று பல வழிகாட்டி நெறிகளில் இருந்தது. எல்லா வசதிகளும் கொண்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பழகிய முறை அது. செயற்கை சுவாசக் கருவிகள் இல்லாத மருத்துவமனைகளிலும் அது பயன் தருமா என்று கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகிய மூன்று நாடுகளின் ஆறு மருத்துவமனைகளில் ஆராய்ந்தார்கள். உகாண்டாவின் முபாலே, சொரோட்டி வட்டார மருத்துவமனைகளும் அவற்றில் அடக்கம். முடிவு 2011-இல் வெளிவந்தது. 3,141 குழந்தைகளில், திரவத்தை வேகமாக ஏற்றப்பட்டவர்களில் 48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள் நூற்றுக்குப் பத்தரைப் பேர் அளவில் இருந்தார்கள்; அப்படி ஏற்றாமல் மெதுவாகக் கொடுத்த பிரிவில் 7.3 விழுக்காட்டினரே இறந்திருந்தார்கள். உயிர் காக்கும் என்று நம்பிச் செய்தது நூற்றுக்கு மூன்று குழந்தைகளைக் கூடுதலாகப் பலிகொண்டிருக்கிறது. (வயிற்றுப்போக்கால் நீரிழந்த குழந்தைகள் இந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை, அவர்களுக்கு நீர்ச்சத்து கொடுப்பது இன்றும் உயிர் காப்பதுதான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடக் கூடாது.)

அந்த மூன்று குழந்தைகளைப் பற்றி நான் நெடுநேரம் யோசித்திருக்கிறேன். திரவம் ஏறியவுடன் குழந்தையின் நாடி தேறும், கைகால் சூடாகும், தாயின் முகம் தெளியும். படுக்கையருகே நிற்பவருக்கு அது பலித்ததாகவே தோன்றும். பின்னர் இறக்கும் குழந்தை நோயின் கொடுமையால் இறந்ததாகவே தோன்றும். நூற்றுக்குப் பத்துக்கும் ஏழுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எந்தக் கண்ணாலும், எத்தனை ஆண்டு அனுபவத்தாலும் வார்டில் நின்று காண முடியாது. எண்ணிப் பார்த்தால் மட்டுமே அது புலப்படும். அந்த எண்ணிக்கையும் வேறோர் இடத்தில் எடுத்ததாக இருந்திருந்தால் புலப்பட்டிருக்காது.

நல்ல முடிவுகளும் வட்டார மருத்துவமனைகளிலிருந்து வந்திருக்கின்றன. பேற்றுக்குப் பின் ஏற்படும் உதிரப்போக்கு உலகெங்கும் தாய்மார்களின் உயிரைப் பறிக்கும் முதன்மையான காரணங்களுள் ஒன்று. எவ்வளவு இரத்தம் போயிருக்கிறது என்பதைப் பேற்றறையில் நாங்கள் கண்ணளவாகவே கணித்து வந்தோம். துணி உறிஞ்சியது எவ்வளவு, தரையில் வழிந்தது எவ்வளவு, தண்ணீரோடு கலந்தது எவ்வளவு என்று நள்ளிரவில் ஒருத்தி தனியே மதிப்பிட வேண்டும்; பெரும்பாலும் குறைவாகவே மதிப்பிடுவோம். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா நாடுகளின் 80 இரண்டாம் நிலை மருத்துவமனைகளில், இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களிடையே நடந்த ஆய்வு 2023-இல் வெளியானது. அளவுக் கோடுகள் இட்ட ஒரு பிளாஸ்டிக் விரிப்பைத் தாயின் அடியில் விரித்து இரத்தத்தைச் சேகரித்து அளந்தார்கள். அளவு எல்லையைத் தொட்டவுடன் கருப்பையைப் பிசைந்துவிடுதல், கருப்பையைச் சுருக்கும் மருந்து, இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காரணத்தைக் கண்டறியும் பரிசோதனை ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திராமல் ஒருசேரச் செய்தார்கள். வழக்கமான முறையில் பாதி அளவே கண்டறியப்பட்ட உதிரப்போக்கு இங்கே, அது நேர்ந்தவர்களில் நூற்றுக்கு 93 பேரிடம் கண்டறியப்பட்டது. கடும் உதிரப்போக்கு, அதற்கான அறுவை சிகிச்சை, அதனால் நேரும் மரணம் ஆகியவை சேர்ந்த விழுக்காடு 4.3-இலிருந்து 1.6 ஆகக் குறைந்திருந்தது. அந்த மருந்துகளில் ஒன்றுகூடப் புதியதன்று. புதிதாகச் செய்தது அளந்ததும், அளந்தவுடன் செயல்பட்டதும்தான்.

அப்படியானால் ஓரிடத்தில் நிரூபணமானதை மற்ற இடங்களில் அப்படியே செய்துவிட்டால் போதாதா என்று கேட்கலாம். அறுவை அரங்கில் நோயாளியின் பெயர், அறுக்க வேண்டிய பக்கம், பஞ்சு எண்ணிக்கை போன்றவற்றை உரக்கச் சொல்லிச் சரிபார்க்கும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் இதற்குப் பாடம். எட்டு நாடுகளில் எட்டு மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்தியபோது இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் ஆய்வு வந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகள் அதே பட்டியலை ஏற்ற பிறகு பார்த்தபோது இறப்பு 0.71-இலிருந்து 0.65-க்குத்தான் வந்திருந்தது; அதை மாற்றம் என்று கொள்ள இயலாது என்று 2014-இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். பட்டியல் ஒன்றுதான். ஓரிடத்தில் எல்லோரும் நின்று, கேட்டு, பதில் சொல்லியிருப்பார்கள். மற்றோரிடத்தில் படிவத்தில் டிக் அடித்துவிட்டு நகர்ந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். என் மருத்துவமனையில் எது நடக்கிறது என்பதை ஒன்டாரியோவின் ஆய்வும் சொல்லாது, உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வும் சொல்லாது.

எதை ஆராய்வது என்ற கேள்வியில் மருந்துகளுக்கே எல்லோரும் முதலிடம் தருகிறார்கள். செவிலியர் என்ற முறையில் எனக்கு அதில் மனக்குறை உண்டு. நோயாளி எத்தனை மணிக்கொருமுறை திருப்பிப் படுக்க வைக்கப்பட்டார், அவருக்குப் படுக்கைப் புண் வந்ததா, நோய்த்தொற்றோடு வந்தவருக்கு முதல் ஊசி எத்தனை நிமிடத்தில் போடப்பட்டது, சிறுநீர்க் குழாய் தேவை முடிந்த பிறகும் எத்தனை நாள் எடுக்கப்படாமல் இருந்தது, இரவுப் பணிக்கு வருபவரிடம் என்ன சொல்லி ஒப்படைத்தார்கள், என்ன சொல்லாமல் விட்டார்கள் என்பவை எல்லாம் உயிரோடு தொடர்புடையவை. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் 300 மருத்துவமனைகளில் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளியான முடிவு, ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடும்போது, முப்பது நாளுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு அதிகரிப்பதோடு சேர்ந்து காணப்பட்டது என்கிறது. அந்த வரியைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. ஆளில்லாத இரவுகளில் யாரிடம் முதலில் போவது என்று தெரியாமல் வார்டின் நடுவே நின்ற நிமிடங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஆனால் எங்கள் மருத்துவமனையில் ஆள் போதவில்லை என்று நாங்கள் எழுதிய மனுக்கள் ஒவ்வொன்றும் வெறும் குறையாகவே வாசிக்கப்பட்டன. எங்கள் வார்டின் எண்களை எங்களால் காட்ட முடிந்திருந்தால் அவை ஆதாரமாக வாசிக்கப்பட்டிருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் தவறாக எண்ணுவது எண்ணாமல் இருப்பதைவிடக் கேடானது. எங்கள் பதிவேட்டில் ‘நலம் பெற்றார்’, ‘இறந்தார்’ என்பவற்றைத் தவிர வேறு இரண்டு சொற்களும் இருந்தன. ஒன்று, ‘மேல் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார்’. மற்றொன்று, ‘சொந்த விருப்பத்தின் பேரில் சென்றார்’. மிகவும் கவலைக்கிடமானவர்களில் பலர் இவ்விரு கட்டங்களுக்குள்தான் மறைந்துபோகிறார்கள். ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டால் அந்த மரணம் வேறொரு மருத்துவமனையின் கணக்கில் விழும். இனிப் பயனில்லை என்று உறவினர் வீட்டுக்குக் கொண்டுசென்றால் எவருடைய கணக்கிலும் விழாது. இவர்களைச் சேர்க்காமல் இறப்பு விழுக்காட்டைக் கணக்கிட்டு ஒரு மருத்துவமனையைப் புகழ்வது, விடைத்தாள் திருத்தப்படாத மாணவர்களை விட்டுவிட்டுத் தேர்ச்சி விகிதம் சொல்வதைப் போன்றது.

தொடர்ந்து விசாரிப்பதிலும் இதே ஆபத்து உண்டு. முப்பதாம் நாள் தொலைபேசியில் கிடைத்தவர்கள் எல்லோரும் நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால், கிடைக்காதவர்கள் யார் என்று கேட்க வேண்டும். நலமாக இருப்பவர் தொலைபேசியை எடுக்கிறார். எடுக்காதவர்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது எளிது. அவர்களைத் தேடிப் போவதுதான் ஆய்வு. அதேபோல, முற்றிய நோயாளிகளையும் முதியவர்களையும் மறுக்காமல் சேர்த்துக்கொள்ளும் மருத்துவமனையில் இறப்பு கூடுதலாகவே இருக்கும். வந்தவர்களின் வயது, நோயின் கடுமை, உடனிருந்த பிற நோய்கள் ஆகியவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிடாமல் இரண்டு மருத்துவமனைகளை ஒப்பிட்டுத் தலைப்புச் செய்தி போட்டால், அதன் விளைவாக அடுத்த மாதமே கவலைக்கிடமானவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். ஒரு மாதத்தில் இறப்பு திடீரென்று கூடியது, கூட்டம் போட்டுக் கண்டித்தோம், அடுத்த மாதம் குறைந்தது என்று நிர்வாகி ஒருவர் பெருமையாகச் சொன்னால் அதையும் அப்படியே ஏற்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறாக உயர்ந்த எண், எவரும் எதுவும் செய்யாவிட்டாலும், அடுத்த முறை பெரும்பாலும் தன் வழக்கமான அளவை நோக்கி இறங்கும். ஆகவே பல மாதக் கணக்கு வேண்டும். புள்ளியியல் தெரிந்த ஒருவர் தொடக்கத்திலேயே உடனிருக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நான் ஏட்டறிவாக மட்டும் எழுதவில்லை. பணிக்காலத்தின் பிற்பகுதியில், ஒரு மருத்துவரும் நானும் இன்னொரு செவிலியரும் சேர்ந்து, இதய பலவீனத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பியவர்களை முப்பதாம் நாள் தொலைபேசியில் அழைத்து விசாரிக்கத் தொடங்கினோம். பிற்பகலில் வார்டு சற்று அடங்கும் நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருவோம். ஒருவர் வீட்டில் ஏற்கெனவே இருந்த மாத்திரையையும் நாங்கள் எழுதிக்கொடுத்ததையும் சேர்த்தே விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டும் வேறு வேறு நிறுவனங்களின் பெயரில் வந்த ஒரே மருந்து. இன்னொருவர் நீர் பிரியும் மாத்திரையை வெளியே செல்லும் நாள்களில் விட்டுவிடுவார், ஏனென்றால் வழியில் கழிப்பறை இராது. வெளியே செல்லாத நாள் அவருக்கு அரிது. ‘எடை இரண்டு கிலோ கூடினால் உடனே வாருங்கள்’ என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் அச்சிட்டிருப்போம். நானே நூற்றுக்கணக்கானவர்களிடம் வாயாலும் சொல்லியிருக்கிறேன். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருக்கிறதா என்று அந்தத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கும் வரை நான் ஒருவரிடமும் கேட்டதில்லை.

ஒரு நாள் அழைப்பை ஒருவரின் மனைவி எடுத்தார். கணவர் வீடு திரும்பிய பதினோராம் நாளே தூக்கத்தில் இறந்துவிட்டதாகச் சொன்னார். என்ன சொல்வதென்று தெரியாமல் நான் மௌனமாக இருந்தபோது, ‘இதை உங்களிடம் வந்து சொல்ல வேண்டும் என்று எங்களுக்குத் தெரியாதே, சிஸ்டர்’ என்றார் அவர். சொல்ல வேண்டியவர் அவரல்லர், கேட்டிருக்க வேண்டியவர்கள் நாங்கள். அன்று மாலை பதிவேட்டை எடுத்து, ‘நலம் பெற்றார்’ என்று என் கையெழுத்தில் இருந்த வரிக்குப் பக்கத்தில் அவர் இறந்த தேதியைச் சிவப்பு மையில் எழுதினேன்.

அதன் பிறகு, வீட்டிலுள்ள பழைய மாத்திரை அட்டைகளையெல்லாம் கொண்டுவரச் சொல்லி, அனுப்பும்போது ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் வழக்கத்தை ஏற்படுத்தினோம். இதனால் மீண்டும் சேர்க்கப்படுவோர் குறைந்தார்களா என்று கேட்டால், என்னால் நேர்மையாக ஆம் என்று சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு முந்தைய கணக்கை நாங்கள் எடுத்து வைத்திருக்கவில்லை. அடுத்த கணக்கு சேர்வதற்குள் அந்த மருத்துவர் வேறு ஊருக்குப் போய்விட்டார், நோட்டுப் புத்தகமும் நின்றுபோனது. மூன்று பேரின் ஓய்வு நேரத்தையும் நல்லெண்ணத்தையும் நம்பி நடக்கும் எந்த ஆய்வுக்கும் இதே கதிதான். பணி நேரத்துக்குள், பணி ஒதுக்கீட்டின் பகுதியாக, ஒரு செவிலியருக்கும் ஒரு பதிவேட்டு எழுத்தருக்கும் இதை ஒப்படைத்து ஊதியம் தராத வரை, ஆள் மாறினால் ஆய்வும் மடியும்.

நோயாளிகளை ஆய்வுக்கு உட்படுத்துவது என்றவுடன் எழும் அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அமெரிக்காவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் (சிஃபிலிஸ்) இருந்த கறுப்பின ஆண்களுக்கு உண்மையைச் சொல்லாமல், பெனிசிலின் பரவலாகக் கிடைத்த பிறகும் கொடுக்காமல், நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தகைய கொடுமைகள் நேர்ந்ததால்தான் நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் இன்றி ஆய்வு கூடாது என்ற நிலை உருவானது. உலக மருத்துவக் கழகம் 1964-இல் ஹெல்சின்கியில் வெளியிட்ட பிரகடனம், ஆய்வில் பங்கேற்பவரின் நலன் அறிவியலின் தேவைக்கு மேலானது என்பதை அடிப்படையாகக் கொண்டது. வட்டார மருத்துவமனையில் ஒப்புதல் வாங்கும் முறை எனக்கு இன்றும் நெருடுகிறது. வலியில் இருப்பவரிடம், அல்லது அழுதுகொண்டிருக்கும் மகளிடம், நான்கு பக்கப் படிவத்தை நீட்டி ‘இங்கே கையெழுத்துப் போடுங்கள்’ என்பது ஒப்புதல் ஆகாது. மறுத்தால் சிகிச்சையில் குறை வைப்பார்களோ என்ற பயம் அவர்களுக்கு இருக்கிறது என்பதை ஏற்று, அவர்கள் மொழியில் உட்கார்ந்து விளக்கி, யோசிக்க நேரம் கொடுத்து, மறுத்தவருக்கும் அதே கனிவோடு ஊசி போட வேண்டும். சேகரித்த விவரங்களிலிருந்து பெயரும் முகவரியும் நீக்கப்பட வேண்டும். சிறிய வட்டாரத்தில் வயதையும் நோயையும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும் என்பதால் இதில் கூடுதல் கவனம் தேவை.

முடிவு எப்படி இருந்தாலும் வெளியிட வேண்டும் என்பதிலும் விட்டுக்கொடுப்பு கூடாது. சாதகமானதை மட்டும் சுவரொட்டியாக்கி, பாதகமானதை அலமாரியில் பூட்டினால் அதற்குப் பெயர் விளம்பரம். அதே வேளையில், பாதகமான எண் வெளிவந்தவுடன் எந்த டாக்டர், எந்த நர்ஸ் என்று தேடிப் பழிவாங்கும் நிர்வாகம் இருக்குமானால், அடுத்த ஆண்டு அந்த எண்ணே எழுதப்படாது. பிழையை எழுதியவரைக் காப்பாற்றும் ஏற்பாடு இருந்தால்தான் பிழை காகிதத்துக்கு வரும்.

பக்கவாதத்தை எடுத்துக்கொண்டால், எதைக் கேட்பது என்பதற்குக்கூடப் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. நோய் வந்து தொண்ணூறாம் நாள், நோயாளி துணையின்றி நடக்கிறாரா, தாமே குளித்து உடுத்துகிறாரா, பழைய வேலைக்குத் திரும்பினாரா என்று கேட்டு, எக்குறையும் இல்லாதவருக்குப் பூஜ்யம், இறந்தவருக்கு ஆறு என்று அளவிடும் திருத்தப்பட்ட ரேங்கின் அளவுகோல் உலகெங்கும் பயன்பாட்டில் இருக்கிறது. பயிற்சி பெற்ற செவிலியர் தொலைபேசியிலேயே சில நிமிடங்களில் அதைக் கேட்டு முடித்துவிடலாம். நூறு படுக்கை உள்ள மருத்துவமனை ஒரே நேரத்தில் எல்லா நோய்களையும் ஆராயத் தேவையில்லை. ஒரு நோய், ஒரு கேள்வி, ஒரு குறித்த நாள், அந்த நோயோடு வந்தவர்களில் ஒருவர்கூட விடுபடாத பட்டியல் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். தங்கள் செய்தியாளர்களும் அடுத்த முறை புதிய பிரிவின் திறப்பு விழாவுக்குச் செல்லும்போது, கடந்த ஆண்டு இங்கே பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்றவர்களில் எத்தனை பேர் இன்று துணையின்றி நடக்கிறார்கள் என்று மேடையில் இருப்பவர்களிடம் கேட்க வேண்டுகிறேன். எண் இல்லை என்ற பதிலையும் செய்தியாகவே வெளியிடுங்கள்.

தொடங்க நினைக்கும் மருத்துவமனைகளுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு சிறு குறிப்பு. சேர்க்கையின்போது கேஸ் ஷீட்டில் எழுதப்படும் தொலைபேசி எண்ணை நம்பாதீர்கள். பதற்றத்தில் அழைத்துவந்த அண்டை வீட்டாரின் எண்ணாகவோ ஆம்புலன்ஸில் உடன்வந்தவரின் எண்ணாகவோ அது இருக்கும். முதல் வாரத்தில் நாங்கள் அழைத்த பலரை இப்படித்தான் தவறவிட்டோம். பிறகு, வீட்டுக்கு அனுப்பும் நாளன்று நோயாளியிடமும் அவரைக் கவனித்துக்கொள்பவரிடமும் தனித்தனியே எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டு, அவர்கள் கட்டிலை விட்டு எழுவதற்கு முன் அங்கேயே ஒருமுறை அழைத்து, மணி ஒலிக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற தலைமைச் செவிலியர்